கப்பல் டிக்கெட் போடும் முன் மூத்த பிள்ளையிடம் கேளுங்கள்!

‘பெரியவர்கள் இருவர் டிக்கெட் எடுத்தால் குழந்தைகள் இருவர் இலவசம்!’ - முழுப் பரீட்சை முடிகிற நேரத்தில் இந்த விளம்பரம் எல்லார் வாட்ஸ்அப்பிலும் வந்து விழும். வெள்ளை வெளேரென்று ஒரு கப்பல், உச்சியில் நீல நிறத் தண்ணீர்ச் சறுக்கு, கையைத் தூக்கிச் சிரிக்கும் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். ஃபேமிலி குரூப்பில் யாராவது ஒருவர் அதைப் போட, ‘நாமும் போகலாமா?’ என்று இன்னொருவர் கேட்க, அன்று இரவே கணக்குப் போட ஆரம்பித்துவிடுவோம்.

அந்த ‘இலவசம்’ என்பது பெரும்பாலும் அறைக் கட்டணத்துக்கு மட்டும்தான். துறைமுகக் கட்டணம், வரி, பணியாளர்களுக்கான டிப்ஸ் எல்லாம் குழந்தைக்கும் சேர்த்தே வரும். அதைப் பிறகு பார்க்கலாம். அதற்கு முன்னால் தீர்மானிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. எந்தக் கப்பல் பெரியது, எது மலிவு என்றுதான் எல்லோரும் தேடுகிறோம். வீட்டில் யாருக்காக இந்தப் பயணம் என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை.

என் அபிப்பிராயம் இதுதான்: பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கும் வீட்டில், மூத்த பிள்ளையை மனதில் வைத்துத்தான் கப்பலைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எட்டு வயதுப் பிள்ளைக்கு எந்தக் கப்பலும் நல்ல கப்பல்தான். நீச்சல் குளம் இருக்கிறது, கேட்கும்போதெல்லாம் ஐஸ்க்ரீம் கிடைக்கிறது, ராத்திரி சுவரிலிருந்து இறங்கும் மேல் பெர்த்தில் ஏறிப் படுக்கலாம். அதற்கு மேல் அவனுக்கு என்ன வேண்டும்? பதினான்கு வயதுப் பெண்ணின் கதை வேறு. தம்பியோடு சறுக்கில் விளையாட வெட்கம். பெரியவர்களோடு உட்கார்ந்திருக்கவும் பிடிக்காது. கப்பலில் அவளுக்கென்று ஒரு இடம் இல்லையென்றால், மூன்று நாளும் அறைக்குள் போனை வைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள். அப்புறம் யாருக்கும் அது விடுமுறையாக இருக்காது.

இன்னொரு கணக்கும் உண்டு. நம் வீடுகளில் ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடைதான் பல பிள்ளைகளுக்குக் கடைசியான சுதந்திர விடுமுறை. அதன் பிறகு பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வு, ப்ளஸ் டூ, நீட், ஜே.இ.இ. என்று மூன்று நான்கு வருடங்கள் காலண்டரே நம் கையில் இல்லை. அது முடிந்தால் ஹாஸ்டல். சின்னவனை இன்னும் ஐந்து வருடம் கழித்துக்கூட அழைத்துப் போகலாம். பெரியவள் அப்போது வீட்டில் இருப்பாளா என்பது சந்தேகம்தான். எங்கள் வீட்டில் மகள் ஒன்பதாம் வகுப்பு முடித்த மே மாதத்தில், சிங்கப்பூரிலிருந்து பினாங்கு போய்த் திரும்பும் மூன்று இரவுப் பயணத்துக்கு நாங்கள் கிளம்பியதற்கு முக்கியக் காரணம் இதுதான். நான், கணவர், மகள், எட்டு வயது மகன், மாமியார் என்று ஐந்து பேர்.

பிறந்த தேதியும் அளவு நாடாவும்

பெரிய கப்பல்கள் எல்லாவற்றிலும் பிள்ளைகளுக்குத் தனி கிளப் உண்டு. வயதுவாரியாகப் பிரித்திருப்பார்கள். ராயல் கரீபியன் கப்பல்களில் 3 முதல் 11 வயது வரை ஒரு பக்கம், 12 முதல் 17 வரை டீன் ஏஜ் பிள்ளைகளுக்கு வேறு பக்கம். டிஸ்னி கப்பல்களில் 10 வயதோடு சின்னப் பிள்ளைகள் கிளப் முடிகிறது. அதற்கு மேல் 17 வயது வரை இரண்டு தனிப் பிரிவுகள்.

கப்பல் கிளம்பும் அன்று பிள்ளைக்கு என்ன வயது என்பதைத்தான் பார்ப்பார்கள். ‘அடுத்த மாதம் 12 முடியுது மேடம்’ என்று கெஞ்சினாலும் விடுவது சிரமம். 11 வயதில் ஒன்றும் 12 வயதில் ஒன்றுமாக அக்கா தங்கையோ, சித்தி பிள்ளை பெரியம்மா பிள்ளையோ இருந்தால், ஒரு நிறுவனத்தில் இருவரும் வேறு வேறு இடத்துக்குப் போக வேண்டியிருக்கும். இன்னொன்றில் ஒரே இடத்தில் இருக்கலாம். கட்டணம் பார்ப்பதற்கு முன்பே இந்த வயது எல்லைகளைப் பாருங்கள்.

அடுத்தது உயரம். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் ராயல் கரீபியனின் குவாண்டம் வகைக் கப்பல்களில் ‘ஃப்ளோ ரைடர்’ என்று ஒரு செயற்கை அலை இருக்கும். விளம்பரப் படத்தில் முதலில் காட்டுவது அதைத்தான். பலகையில் படுத்துக்கொண்டு சறுக்கவே 132 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். நின்றுகொண்டு சறுக்க 147. எட்டு வயதுப் பிள்ளைகள் பலர் முதல் அளவையே தொட மாட்டார்கள். வீட்டுச் சுவரில் நிற்க வைத்து ஒரு தடவை அளந்துவிட்டு, ‘இது அக்காவுக்கு மட்டும்டா’ என்று ஊரிலேயே சொல்லிவிட்டால் நல்லது. வரிசையில் அரை மணி நேரம் நின்ற பிறகு தெரிந்தால் பெரிய ரகளை நடக்கும்.

டீன் ஏஜ் கிளப் பற்றி ஒரு விஷயம். அங்கே நட்பு வட்டம் முதல் ராத்திரியிலேயே உருவாகிவிடுகிறது. இரண்டாம் நாள் போகிற பிள்ளைக்கு நுழைவது கஷ்டம். மூன்று இரவுப் பயணத்தில் இன்னும் கஷ்டம். முதல் நாள் சாப்பாடு முடிந்ததும் ‘நான் போகலம்மா’ என்று மகள் சொன்னபோது, மாமியார்தான் எழுந்தார். “வா கண்ணு, நான் வாசல் வரைக்கும் வரேன். பிடிக்கலைன்னா ரெண்டு பேரும் ஐஸ்க்ரீம் சாப்பிட்டுட்டு வந்துடலாம்” என்றார். பத்து நிமிடத்தில் அவர் மட்டும் திரும்பி வந்தார். உள்ளே கோவையிலிருந்து வந்த ஒரு பெண்ணும், ஜகார்த்தா பெண்கள் இருவரும் கேரம் மாதிரி ஏதோ ஒன்று விளையாடிக்கொண்டிருந்தார்களாம்.

நமக்கு எட்டும் கப்பல்கள்

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு நடைமுறையில் எட்டுவது நாலு பெயர்கள். ஒன்று இந்தியக் கப்பல், மூன்று சிங்கப்பூர்க் கப்பல்கள்.

இந்தியக் கப்பல் என்றால் கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்பிரஸ்’. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பினாரே, அதேதான். 2023 ஜூனில் இங்கிருந்து இலங்கைக்கும் போனது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று பயணத் திட்டம் இருந்தது. இந்தியத் துறைமுகங்களுக்குள் மட்டும் போய்வரும் பயணத்துக்கு பாஸ்போர்ட் வேண்டாம், ஆதார் போதும். முதன்முறை போகிறவர்களுக்கு, ‘நமக்குக் கடல் ஒத்துக்கொள்ளுமா?’ என்று சோதித்துப் பார்க்க நல்ல வாய்ப்பு. தாத்தா, பாட்டிக்குப் பேச்சுத் துணையும் கிடைக்கும், இந்தியச் சாப்பாடும் கிடைக்கும்.

ஆனால் இரண்டு சிக்கல். தென்மேற்குப் பருவமழை அரபிக் கடலைக் கலக்கும் மாதங்களை ஒட்டித்தான் இந்தக் கப்பல் சென்னைப் பக்கம் வந்திருக்கிறது. அந்த நேரத்தில் நம் பள்ளிகள் திறந்துவிடும். வெள்ளி கிளம்பி ஞாயிறு திரும்பும் இரண்டு இரவுப் பயணம் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஏப்ரல், மே மாதங்களில் போக வேண்டுமென்றால் மும்பையோ கொச்சியோ போய் ஏறுகிற மாதிரி இருக்கலாம். இரண்டாவது, கப்பலின் வயதும் அளவும். 1990-ல் பிரான்ஸில் கட்டப்பட்ட கப்பல் இது. சுமார் 48,500 டன். நீச்சல் குளம், ஏறி விளையாடும் சுவர் எல்லாம் உண்டு. சின்னவன் குதிப்பான். மூத்தவள் ஒரு நாளில் சுற்றிப் பார்த்து முடித்துவிடுவாள்.

சிங்கப்பூருக்கு வந்தால் அளவே மாறுகிறது. சென்னையிலிருந்து சுமார் நாலு மணி நேர விமானம். ‘ஜென்டிங் ட்ரீம்’ 2016-ல் வந்த கப்பல், சுமார் 1,50,000 டன். ராயல் கரீபியனின் குவாண்டம் வகைக் கப்பல்கள் 1,68,000 டன்னை ஒட்டியவை. டிஸ்னியின் ‘அட்வென்ச்சர்’ 2,08,000 டன்.

இந்த நாலு கப்பல்களுக்குள்ளும் உறவு முறை இருக்கிறது என்பது எனக்குச் சுவாரஸ்யமாக இருந்தது. சென்னைக்கு வந்த எம்பிரஸ் பிறந்தது ராயல் கரீபியன் வீட்டில். அப்போது அதன் பெயர் ‘நார்டிக் எம்பிரஸ்’. டிஸ்னி அட்வென்ச்சர் முதலில் டிஸ்னியின் கப்பலே இல்லை. ஜென்டிங் ட்ரீமின் பழைய முதலாளியான ஜென்டிங் ஹாங்காங் நிறுவனம், ஜெர்மனியின் விஸ்மர் நகரில் தன் சொந்தக் கப்பல் தளத்தில் ‘குளோபல் ட்ரீம்’ என்ற பெயரில் அதைக் கட்டிக்கொண்டிருந்தது. கொரோனா காலத்து நஷ்டத்தில் 2022 ஜனவரியில் கப்பல் தளம் திவாலானது. பாதியில் நின்ற கப்பலை அதே ஆண்டு டிஸ்னி வாங்கி, மிக்கி மவுஸ் வேடம் போட்டுவிட்டது. ஒரே வீட்டில் பிறக்க இருந்த அக்காவும் தங்கையும் இன்று போட்டிக் கம்பெனிகளுக்காகச் சிங்கப்பூரில் தொழில் நடத்துகிறார்கள்!

சரி, எது யாருக்கு? டிஸ்னி கப்பல் எந்த ஊரிலும் நிற்காது. மூன்று அல்லது நான்கு இரவு கடலில் சுற்றிவிட்டுச் சிங்கப்பூருக்கே திரும்பும். கப்பலே ஊர். கேசினோ கிடையாது என்பது பல பெற்றோருக்கு நிம்மதி. ஆறு முதல் பத்து வயதுப் பிள்ளைகள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு, பணம் ஒத்துவந்தால், யோசிக்காமல் இதைச் சொல்வேன். மார்வெல் படங்கள் பார்த்து வளர்ந்த டீன் ஏஜ் பையனுக்கும் பிடிக்கலாம். 250 மீட்டர் நீள ரோலர்கோஸ்டர் ஒன்றைக் கப்பலின் மேல்தளத்திலேயே வைத்திருக்கிறார்கள். ஆனால் ‘புது ஊர் பார்க்கணும்’ என்று நினைக்கும் பிள்ளைக்கு இது சரிப்படாது.

ஜென்டிங் ட்ரீம் இரண்டு, மூன்று இரவுப் பயணங்கள் அதிகம் விடுகிறது. தண்ணீர்ச் சறுக்குகள், கயிற்றில் நடக்கும் சாகசம் எல்லாம் உண்டு. இந்தியப் பயணிகளை நன்றாகத் தெரிந்துவைத்திருக்கும் கப்பல். ஜெயின் சாப்பாடு, இந்திய சைவம் என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். விடுமுறை நாட்கள் குறைவு, பட்ஜெட் அளவானது, கூடவே வயதானவர்களும் வருகிறார்கள் என்றால் இது பொருந்தும்.

ராயல் கரீபியன் கப்பல்கள் பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்காகவே செய்தது போலிருக்கும். கண்ணாடிக் கூண்டில் ஏற்றி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 90 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிக் காட்டும் ‘நார்த் ஸ்டார்’, காற்றில் மிதக்க வைக்கும் ‘ஐஃப்ளை’, உள்ளரங்கில் மோதும் கார்கள். ஒவ்வொன்றுக்கும் முன்கூட்டி நேரம் பதிவு செய்ய வேண்டும் என்பதை மறக்காதீர்கள். சிலவற்றுக்குத் தனிக் கட்டணமும் இருக்கலாம். எந்தக் கப்பல் எந்தப் பருவத்தில் சிங்கப்பூரில் நிற்கும் என்பது வருடாவருடம் மாறும். அதனால் நிறுவனத்தின் பெயரோடு கப்பலின் பெயரையும் பார்த்துப் பதிவு செய்யுங்கள். ஒரே நிறுவனத்தின் பழைய கப்பலில் புதுக் கப்பலில் இருப்பதெல்லாம் இருக்காது.

ஐந்தாவது ஆள்

இப்போது பணம். கப்பல் அறைகள் பெரும்பாலும் அதிகபட்சம் நாலு பேருக்கானவை. முதல் இருவருக்கு முழுக் கட்டணம், மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் குறைவு. ‘குழந்தைகள் இலவசம்’ வருவது இந்த மூன்றாவது, நான்காவது படுக்கைக்குத்தான். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றால் கணக்கு அழகாக இருக்கும். பாட்டியும் வந்தால் இரண்டாவது அறை வேண்டும். அந்த அறையில் பாட்டி மட்டும் என்றால் பெரும்பாலும் இரண்டு பேர் கட்டணம் கேட்பார்கள். பேத்தியையும் அங்கே மாற்றினால், இலவசமாக வந்த பேத்தி முழுக் கட்டணப் பயணி ஆகிவிடுவாள்! ஐந்தாவது ஆளுக்காகக் கூடும் செலவு, ஒரு ஆளின் செலவைவிட அதிகம் என்பதை விளம்பரம் சொல்லாது.

அப்படியும் பாட்டியை அழைத்துப் போக வேண்டும் என்பதே என் கட்சி. வேறு செலவைக் குறைத்துக்கொள்ளலாம். முதலில் பால்கனி அறை ஆசையை விடுங்கள். குழந்தைகள் இருக்கும் குடும்பம் அறையில் தூங்க மட்டும்தான் போகும். ஜன்னல் இல்லாத உள் அறைகள் இரண்டு, எதிரெதிரே கிடைத்தால் போதும். கடலைப் பார்க்க மேல்தளம் இருக்கிறது. அங்கே காசு கிடையாது.

அடுத்தது டிப்ஸ். நம் ஊர் ஹோட்டல் மாதிரி விருப்பப்பட்டால் கொடுப்பதல்ல. ஒருவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கணக்கில் ஏறிவிடும். பெரிய நிறுவனங்களில் அது 16 முதல் 18 டாலரை ஒட்டி இருக்கிறது. 18 டாலர் என்றே வைத்துக்கொண்டால், நாலு பேர், மூன்று இரவு, 216 டாலர். நம் பணத்தில் 18,000 ரூபாயைத் தாண்டும். முன்பதிவு செய்யும்போதே, “துறைமுகக் கட்டணம், வரி, டிப்ஸ் எல்லாம் சேர்த்து எவ்வளவு?” என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு டி.சி.எஸ். என்று ஒரு தொகை பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

வை-ஃபைக்குத் தனிக் காசு. ஐந்து போனுக்கும் வாங்க வேண்டாம். கப்பலின் செயலி பெரும்பாலும் கப்பலுக்குள் இலவசமாகவே வேலை செய்யும். நடுக்கடலில் போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். தானாகக் கப்பலின் செல்போன் சிக்னலைப் பிடித்து, ஊருக்கு வந்தபின் பில் வந்து நிற்கும். கப்பலில் டாக்டர் உண்டு, ஆனால் கட்டணம் டாலரில். டிராவல் இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது கப்பல் பயணம் அதில் அடங்குமா என்று கேளுங்கள்.

விசா விஷயத்தில் கவனம் தேவை. சிங்கப்பூருக்குள் நுழைந்து, கப்பலில் வெளியேறி, மறுபடி நுழைகிறோம். அதாவது இரண்டு முறை நுழைவு. விசாவில் ‘மல்டிபிள் என்ட்ரி’ என்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மலேசியா, தாய்லாந்து நுழைவு விதிகள் அடிக்கடி மாறுகின்றன. கிளம்புவதற்கு முந்தைய மாதம் ஒருமுறை பாருங்கள். பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான் தருவார்கள். திரும்பி வரும் தேதிக்குப் பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும்.

தயிர் சாதமும் கெட்டிலும்

மாமியாருக்கு இருந்த ஒரே கவலை சாப்பாடு. “புளிக்காய்ச்சல் ஒரு டப்பா எடுத்துக்கறேன்” என்றார். வீட்டில் செய்த உணவை எடுத்துவரப் பெரும்பாலான கப்பல்கள் அனுமதிப்பதில்லை. பிரிக்காத பாக்கெட் பிஸ்கட், நொறுக்குத் தீனி பரவாயில்லை. வெந்நீர் போட எலெக்ட்ரிக் கெட்டில், அயர்ன் பாக்ஸ் கொண்டுபோனால் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொண்டு, இறங்கும்போது தருவார்கள். தீ விபத்துக்குக் கப்பல்காரர்கள் அப்படிப் பயப்படுவார்கள்.

உண்மையில் சாப்பாட்டுக்குக் கஷ்டமே இல்லை. பஃபேயில் ஒரு பகுதி முழுக்க இந்திய உணவு. பருப்பு, சப்பாத்தி, ஒரு சைவக் குழம்பு, சாதம். ஆனால் வெங்காயம் பூண்டு சேர்க்காதவர்களும், முட்டைகூட இல்லாத சுத்த சைவக்காரர்களும் பதிவு செய்யும்போதே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். ஏறிய அன்று மாலை டைனிங் ஹாலின் மேலாளரைப் பார்த்து இன்னொரு முறை சொன்னால், அடுத்த நாள் மெனுவை முன்கூட்டியே காட்டி, வேண்டியதைத் தனியாகச் செய்து தருகிறார்கள். அங்கே பரிமாறியவர் கேரளாக்காரர். மாமியாருக்குத் தினமும் ராத்திரி ஒரு கிண்ணம் தயிர் அவர் கேட்காமலேயே வந்தது.

எப்போது போவது?

டிசம்பர் வேண்டாம். நம் அரையாண்டு விடுமுறை, சிங்கப்பூர் பள்ளிகளின் ஆண்டு இறுதி விடுமுறை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு எல்லாம் ஒன்றாக வந்து கட்டணம் ஏறிவிடும். கப்பலும் நிரம்பி வழியும். சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை மே கடைசியில்தான் ஆரம்பித்து ஜூன் முழுக்க ஓடும். நமக்கோ ஏப்ரல் கடைசியிலேயே விடுமுறை. ஆக, மே முதல் மூன்று வாரங்கள் நமக்கு விடுமுறை, அவர்களுக்குப் பள்ளி. சறுக்கில் வரிசை குறைவு, கட்டணமும் ஓரளவு இறங்கியிருக்கும். மலாக்கா ஜலசந்தி இருபுறமும் நிலம் சூழ்ந்த கடல் என்பதால் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். பெரிய கப்பலில் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுத்தால் ஆட்டம் இன்னும் குறைவு.

புத்தம் புதுக் கப்பலின் முதல் பயணங்களுக்குப் பள்ளிப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு பதிவு செய்யாதீர்கள். டிஸ்னி அட்வென்ச்சரின் முதல் பயணம் 2025 டிசம்பர் 15 என்று அறிவிக்கப்பட்டு, பிறகு 2026 மார்ச் 10-க்குத் தள்ளிப்போனது. டிசம்பர் விடுமுறையை நம்பி டிக்கெட் போட்ட குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். மார்ச் 10-ல் நம் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள்? பரீட்சை ஹாலில்!

விமானத்தை எப்போதும் ஒரு நாள் முன்னதாகப் போடுங்கள். காலை இறங்கி மதியம் கப்பல் ஏறலாம் என்று திட்டமிட்டு, விமானம் நாலு மணி நேரம் தாமதமானால், கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது. சிங்கப்பூரில் கப்பல் முனையங்கள் இரண்டு. மரினா பே ஒன்று, ஹார்பர்ஃப்ரன்ட் இன்னொன்று. டாக்ஸியில் ஏறும் முன் டிக்கெட்டில் எது என்று பாருங்கள்.

ரஜூலா போன வழியில்

மாலையில் கப்பல் கிளம்பும்போது மேல்தளத்துக்கு வந்துவிடுங்கள். மரினா பே கட்டடங்கள் மெல்ல விலகும். அதன் பிறகு கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நங்கூரமிட்டு நிற்கும் சரக்குக் கப்பல்கள், எண்ணெய்க் கப்பல்கள். இருட்டியதும் ஒவ்வொன்றிலும் விளக்கு எரிய, கடலின் நடுவே இன்னொரு ஊர் இருப்பது போலிருக்கும். மகன் 70 வரை எண்ணிவிட்டு, தூங்கப் போய்விட்டான்.

இந்தக் கடல் வழி நம் ஆட்களுக்குப் புதிதல்ல. 1926-ல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ என்ற கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. இன்றைய கிள்ளான் துறைமுகம் அப்போது போர்ட் ஸ்வெட்டன்ஹாம். ரப்பர் தோட்ட வேலைக்கும், கடைக் கணக்கு எழுதவும், கல்யாணம் முடித்துக் கணவரிடம் போகவும், டெக்கில் பாய் விரித்துப் படுத்தபடி போனவர்கள் எத்தனையோ பேர். மாமியாரின் பெரியப்பா ஒருவர் அப்படித்தான் பினாங்கு போனாராம். “அவருக்கு ஏழு நாள் ஆச்சாம். நமக்கு ரெண்டு தூக்கம்” என்றார், தயிரைக் கரண்டியால் எடுத்தபடி.

துறைமுகத்தைத் தேர்ந்தெடுக்க முடிந்தால், பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் குடும்பத்துக்குப் பினாங்குதான் என் ஓட்டு. கிள்ளானில் இறங்கினால் கோலாலம்பூர் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் சாலைப் பயணம். பத்துமலை முருகனின் 272 படிகள் ஏறி இறங்கித் திரும்புவதற்குள், போக்குவரத்து நெரிசலில் கப்பலைப் பிடிக்க வேண்டுமே என்று வயிற்றைக் கலக்கும். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பல நேரம் கடலிலேயே நின்று, சின்னப் படகுகளில் ஏற்றி இறக்கும். முட்டி வலி இருக்கும் பெரியவர்களுக்குச் சிரமம். தவிர, தாய்லாந்து கடிகாரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் நேரத்தைத்தான் நம்ப வேண்டும்.

பினாங்கில் கப்பல் ஜார்ஜ் டவுன் நகரத்தின் வாசலிலேயே நிற்கிறது. இறங்கி நடந்தால் பழைய கார்ன்வாலிஸ் கோட்டை, இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் லிட்டில் இந்தியா. குயின் தெருவில் 1833-ல் தோன்றிய மகாமாரியம்மன் கோயில். பக்கத்திலேயே தமிழ் முஸ்லிம்களின் பெயரைத் தாங்கிய சூலியா தெரு. 2008-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த நகரம் இது. மூத்தவளுக்குப் பிடித்தது ஆர்மேனியன் தெரு. லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் ஸக்காரெவிக் 2012-ல் சுவரில் வரைந்த அக்காவும் தம்பியும், நிஜ சைக்கிள் ஒன்றில் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே தம்பியைத் தானாகவே கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்து போட்டோ எடுத்துக்கொண்டாள். நாங்கள் சொல்லவில்லை. அது இன்றும் அவள் போனில் வால்பேப்பர்.

சில கண்டிப்புகள்

எல்லாக் கப்பலிலும் குளத்தருகே உயிர்காப்பாளர் இருப்பார் என்று நினைக்காதீர்கள். சில நிறுவனங்கள் வைத்திருக்கின்றன, சில வைப்பதில்லை. பதிவு செய்யும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. இருந்தாலும், நீச்சல் தெரியாத பிள்ளை தண்ணீரில் இருக்கும்வரை பெரியவர் ஒருவர் போனைப் பையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் இருக்க வேண்டும். இதை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். ‘நீ பார்ப்பேன்னு நினைச்சேன்’ என்பதுதான் இருப்பதிலேயே ஆபத்தான வாக்கியம்.

பாதுகாப்புப் பயிற்சியை அலட்சியம் செய்ய வேண்டாம். அவசரம் என்றால் எந்த இடத்தில் கூட வேண்டும் என்று சொல்லித்தருவார்கள். சில கப்பல்களில் சின்னப் பிள்ளைகளின் கையில் அந்த இடத்தின் எண் எழுதிய பட்டை கட்டிவிடுவார்கள். பயணம் முடியும்வரை கழற்றக் கூடாது.

டீன் ஏஜ் பிள்ளைக்கு எத்தனை மணிக்குள் அறைக்குத் திரும்ப வேண்டும், வேறு யார் அறைக்கும் போகக் கூடாது என்பதையெல்லாம் கப்பல் ஏறும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். எங்களுக்குள் ஒப்பந்தம் பத்தரை மணி. முதல் நாள் 10.29-க்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. “நாளைக்குப் பதினொண்ணும்மா, ப்ளீஸ்” என்றாள். பதினொன்று ஆக்கினோம்.

கடைசி இரவு பெட்டிகளில் அட்டை கட்டி, அறை வாசலில் வைத்துவிட்டால், காலையில் முனையத்தில் எடுத்துக்கொள்ளலாம். மறுநாள் போட வேண்டிய துணி, பாஸ்போர்ட், மாத்திரை மூன்றையும் மட்டும் கைப்பையில் தனியாக எடுத்து வையுங்கள். எங்கள் எதிர் அறைக்காரர் எல்லாத் துணியையும் பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டு, மறுநாள் காலை கப்பல் கடையில் வாங்கிய, கிளி படம் போட்ட சட்டையோடு சிங்கப்பூர் இமிக்ரேஷனில் நின்றார்.